கடைசி பஸ்ஸுக்குள் முடிகிற வேலை: படித்துக்கொண்டே சம்பாதிக்க நினைக்கும் டெல்டா மாணவர்களின் கேள்விகள்

கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சேர்க்கை விண்ணப்பம், உதவித்தொகைப் பதிவு, தேர்வுக் கட்டணம் என்று ஆண்டு முழுவதும் கல்லூரிப் பிள்ளைகள் வந்துபோகும் இடம். தாள் அச்சாகி வெளியே வருவதற்குள் பாதிப் பேர் ஒரே விஷயத்தைக் கேட்டுவிடுகிறார்கள்: "அண்ணே, பகுதி நேரமாக ஏதாவது வேலை இருக்கிறதா?" கூட வந்திருக்கும் அப்பா, அம்மாவின் கேள்வி வேறாக இருக்கும். நானும் படிக்கும் காலத்தில் பந்தி பரிமாறிக் கட்டணம் கட்டியவன் என்பதால் தெரிந்ததைச் சொல்வேன். தினமும் சொல்லி அலுத்துப்போய், இப்போது எழுதி வைத்துவிட்டேன்.

அண்ணே, கல்லூரியில் படித்துக்கொண்டே வேலைக்குப் போனால் தப்பா?

தப்பில்லை. 18 வயது முடிந்தவருக்குச் சட்டத்தில் தடை எதுவும் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து 17 வயதில் கல்லூரிக்கு வருபவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். 18 நிரம்பும் வரை பட்டாசு, வெடிமருந்து, சுரங்கம் போன்ற ஆபத்தான வேலைகளில் சேர்க்கக் கூடாது என்பது சட்டம்.

கல்லூரி உங்களிடம் எதிர்பார்ப்பது வருகைப்பதிவு. 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். அபராதம் கட்டித் தப்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்த அபராதத்தைக் கட்டவும் நீங்கள் சம்பாதித்த பணம்தான் போகும்.

அமெரிக்காவில் கல்லூரியே வேலை கொடுத்துச் சம்பளமும் தருமாமே. இங்கே அப்படி இல்லையா?

அங்கே இருப்பது "ஒர்க் ஸ்டடி" என்ற மத்திய அரசுத் திட்டம். 1964-ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தோடு வந்தது. குடும்ப வருமானத்தைப் பார்த்து, தேவை உள்ள மாணவருக்கு நூலகத்திலோ, உணவகத்திலோ, ஆய்வகத்திலோ சில மணி நேர வேலை தருவார்கள். சம்பளத்தில் ஒரு பங்கை அரசு தரும், மீதியைக் கல்லூரி போடும். மொத்தத் தொகையை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட மாட்டார்கள். வேலை பார்த்த மணி நேரத்துக்குத்தான் பணம். அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்ததே வேலை வளாகத்துக்குள் இருப்பதுதான். வகுப்பு முடிந்து ஐந்து நிமிடத்தில் வேலை, வேலை முடிந்து ஐந்து நிமிடத்தில் விடுதி.

நம் நாட்டில் இதற்கு வேறொரு வேர் உண்டு. மகாராஷ்டிரத்தில் கர்மவீரர் பாவ்ராவ் பாட்டீல் 1919-இல் தொடங்கிய ரயத் கல்வி நிறுவனத்தில், ஏழைப் பிள்ளைகள் உழைத்துக்கொண்டே படித்தார்கள். "கமவா ஆணி சிகா", அதாவது சம்பாதி, படி என்ற பெயரில் புணே பல்கலைக்கழகத்தில் இன்றும் அந்த வழி தொடர்கிறது. நம் பக்கத்து அரசுக் கல்லூரியில் சேர்ந்ததும் இப்படி ஒரு வேலை கையில் வந்து விழும் என்று காத்திருக்க வேண்டாம். நாமாகத்தான் தேட வேண்டும்.

மாதம் ஆயிரம் ரூபாய் அரசே தருகிறது. அதற்கு மேல் எதற்கு வேலை?

இதைப் பெரும்பாலும் அப்பாக்கள் கேட்பார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் வந்தன. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். நல்ல உதவி, மறுக்கவில்லை.

ஆனால் என் கடைக்கு வரும் ஒரு பிள்ளையின் மாதச் செலவை எண்ணிப் பாருங்கள். ரெக்கார்டு நோட்டு, பிராஜெக்ட் அச்சு, பைண்டிங், கைப்பேசி ரீசார்ஜ், மதியம் வெளியே சாப்பிட்டால் அது வேறு. தேர்வுக் கட்டணம் வருகிற மாதத்தில் அந்த ஆயிரம் வந்த சுவடே தெரியாது. பணம் போதாமல் கேட்கிறார்கள். ஆடம்பரத்துக்குக் கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எனக்கு எந்த வேலை சரியாக வரும்?

சம்பளத்தை அப்புறம் கேளுங்கள். உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் சொல்லுங்கள். டெல்டாவில் பாதி வேலைகள் அங்கேயே அடிபட்டுவிடும். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்துக்கு எட்டரைக்குக் கடைசி வண்டி என்றால், ஒன்பதரைக்குக் கடை சாத்தும் முதலாளியிடம் போய் நிற்பதில் பொருளில்லை.

அடுத்தது சுழற்சி, அதாவது ஷிப்ட். சுழற்சி முறை உள்ள அரசுக் கல்லூரிகளில் முதல் சுழற்சிப் பிள்ளைகளுக்கு மதியத்துக்கு மேல் நேரம் கிடைக்கும், இரண்டாம் சுழற்சிக்காரர்களுக்குக் காலை கிடைக்கும். காலையில் வரக்கூடிய ஆளுக்கு மருந்துக் கடை, அச்சகம், பால் முகவர், செய்தித்தாள் முகவர் என்று தேவை இருக்கிறது. மாலையில் வருபவருக்கு ட்யூஷன், மளிகைக் கடைக் கணக்கு, துணிக்கடை.

என் அபிப்பிராயம் ஒன்று உண்டு, எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. தினமும் நான்கு மணி நேரம் இழுக்கிற வேலையைவிட, சில நாட்களில் மட்டும் வந்து முடிந்துவிடுகிற வேலை மாணவருக்கு ஏற்றது. நம் பகுதியில் முகூர்த்தம், திருவிழா, அறுவடை என்று எல்லாவற்றுக்கும் பருவம் இருக்கிறது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா நடக்கும்போது கடைகளுக்கு ஆள் போதாது. ஒன்பதாம் தேதி வகுப்புக்குத் திரும்பிவிடலாம்.

பந்தி பரிமாறப் போனால் ஒரே நாளில் நல்ல காசு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் அந்த "ஒரே நாள்" முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிவிடும். மாப்பிள்ளை அழைப்பு அன்று இரவுச் சாப்பாடு, மறுநாள் காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு என்று மூன்று பந்தி. காண்டிராக்டரின் வாட்ஸ்அப் குழுவில் "நாளை மாலை நான்கு மணி, பன்னிரண்டு பேர், வெள்ளைச் சட்டை கறுப்புப் பேண்ட்" என்று செய்தி வரும். முதலில் சரி என்று பதில் போடுகிறவனுக்கு இடம். கூலி பந்திக்கா, முழு நாளுக்கா, இலை எடுப்பதும் அதில் சேர்த்தியா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். மண்டபத்தில் போய்க் கேட்டால் பதில் வராது.

வேலை எளிது என்று நினைத்துப் போகாதீர்கள். நுனி இலை சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும், உப்பும் ஊறுகாயும் இலையின் மேல்பாதியில் இடது ஓரம், சாதம் கீழ்ப்பாதியில். பருப்புக்கும் நெய்க்கும் பின்னால் சாம்பார் வாளி கிளம்பும். என் முதல் பந்தியில் எனக்குக் கொடுத்தது அந்த வாளிதான். நிரம்பிய வாளியை இடது கையில் தூக்கிக்கொண்டு, குனிந்து, வலது கையால் கரண்டியை இலைக்கு மிக அருகே கொண்டுபோய்ச் சாய்க்க வேண்டும்; உயரத்திலிருந்து ஊற்றினால் சாப்பிடுகிறவரின் பட்டு வேட்டியில் தெறிக்கும். எட்டாவது இலையில் கை நடுங்கி, என் மணிக்கட்டிலேயே கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டேன். பின்னால் வந்த ரசக்காரர், "வாளியைக் கீழே வைக்காதே, பந்தி நின்றுவிடும்" என்றார். வைக்கவில்லை. தழும்பு இன்னும் இருக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் முதல் நாள் தண்ணீரோ அப்பளமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பஞ்சாங்கத்தையும் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, வருமானமும் கிடையாது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் ஏப்ரல், மே செமஸ்டர் தேர்வோடு மோதும். தேர்வு அட்டவணை வந்த அன்றே அந்த வாட்ஸ்அப் குழுவை ஒலியில்லாமல் செய்துவிடுங்கள்.

தீபாவளிக்கு ஜவுளிக் கடையில் ஆள் எடுக்கிறார்கள், போகலாமா?

போகலாம், கூட்டத்தைச் சமாளிக்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. இருபது புடவையை விரித்துக் காட்டிவிட்டு, ஒன்றும் வாங்காமல் போகிறவரிடம் சிரித்த முகத்தோடு நிற்பது ஒரு படிப்பு. ஆனால் நவம்பரில் செமஸ்டர் தேர்வு. தீபாவளி அதற்குச் சற்று முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். கடைசி பத்து நாளும் இரவு வெகுநேரம் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்து, எந்தத் தேதி வரை வருவீர்கள் என்று சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டுமே என்று பயப்படுகிறவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இருக்கை போட்டிருக்கிறார்களா என்று சேரும் முன் ஒரு முறை கடைக்குள் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

ட்யூஷன் எடுக்கலாமா? நானே இரண்டு அரியர் வைத்திருக்கிறேன்.

ஆறாம் வகுப்புக் கணக்குக்கு உங்கள் அரியர் குறுக்கே வராது. உங்கள் தெருவிலேயே, பஸ் செலவில்லாமல், மாலை ஆறு முதல் ஏழரை வரை செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான். கட்டணத்தை மாத ஆரம்பத்தில் வாங்கிவிடுங்கள். சொந்தக்காரர் பிள்ளை என்றால் முதல் நாளே தொகையைப் பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி வரை முறுக்கும் காபியும்தான் கிடைக்கும்.

அரியரைப் பற்றி ஒரு பேச்சு. இதே ஊர் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத்தான் கொஞ்ச காலம் ஓட்டினார். 1912-இல் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது மாதம் 30 ரூபாய் சம்பளம். அவரைச் சொல்லி நீங்கள் அரியர் வைக்க வேண்டாம்.

எனக்குத் தெரிந்தது வயல் வேலைதான். அதைக் கல்லூரியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

யாரிடமும் சொல்ல வேண்டாம், கூலியை மட்டும் எண்ணி வாங்குங்கள். சம்பா அறுவடைக்குப் பிறகு மார்ச், ஏப்ரலில் உளுந்து, பயறு பறிப்பு. கோடை விடுமுறையில் திருவாரூர்ப் பக்கம் பருத்தி எடுப்பு. கிலோ கணக்கில் கூலி, விடிகாலையில் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடலாம். விடுமுறையோடு இவ்வளவு பொருந்துகிற வேலை நகரத்தில்கூடக் கிடையாது.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். ஒரு மூட்டை 40 கிலோ. தூக்கிப் பழகியவர்களின் தோள் வேறு, நம் தோள் வேறு. பட்டப்படிப்பு முடித்த பிறகு, அந்த நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகம் பருவகாலப் பட்டியல் எழுத்தர் (கொள்முதல் பருவத்தில் பில் எழுதுபவர்) வேலைக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பியுங்கள்.

பைக் இருக்கிறது. உணவு டெலிவரிக்குப் போகிறேன்.

ஓட்டுநர் உரிமம், நடப்பில் உள்ள காப்பீடு இரண்டும் உங்களிடம் இருக்கிறதா? பைக் அப்பா பேரில் இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டீர்களா? ஒரு வாரம் பெட்ரோல் ரசீதுகளைச் சேர்த்து வைத்து, வரவில் கழித்துப் பாருங்கள். கழித்த பிறகும் பிடித்திருந்தால் போங்கள்.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, பதிவுக் கட்டணம் 1,500 கட்டினால் போதும் என்று செய்தி வந்திருக்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். வேலை கொடுக்கிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும், நீங்கள் அவருக்குத் தரக் கூடாது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பதில் இதுதான்.

இன்னொரு வகை, டெலிகிராமில் வரும். வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய் என்பார்கள். முதல் இரண்டு நாள் உண்மையாகவே பணம் வரும். மூன்றாம் நாள் "பெரிய டாஸ்க்" என்று 5,000 போடச் சொல்வார்கள். அதை எடுக்க 10,000, அதையும் எடுக்க வரி 20,000. மாட்டிக்கொண்டால் உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் இன்னும் கைமாறாமல் எந்தக் கணக்கிலாவது நிற்கும்போதே சொன்னால்தான் முடக்க வழி உண்டு. அவமானம் என்று இரண்டு நாள் மறைத்து வைப்பவர்களுக்குத்தான் நஷ்டம் முழுதாகிறது.

என் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் உபயோகித்துக்கொள்ளக் கேட்கிறார்கள். சும்மா கமிஷன் கிடைக்குமே?

மேலே சொன்ன பதிலில் ஏமாந்தவரின் பணம் போய்ச் சேருகிற கணக்கு எது என்று நினைக்கிறீர்கள்? உங்களுடையதுதான். ஏடிஎம் அட்டையையும் சிம் கார்டையும் கொடுத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். எங்கோ ஒரு மாநிலத்துப் போலீஸ் உங்கள் பெயருக்கு நோட்டீஸ் அனுப்பும். அதே கணக்கில்தான் உதவித்தொகையும் வரும், கணக்கு முடங்கினால் அதுவும் நின்றுவிடும். இதைக் கேட்கிறவர் கூடப் படிக்கும் நண்பராகவே இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

தம்பி, பெண் பிள்ளையை வேலைக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?

அம்மா, உங்கள் பயத்தை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைக் கேள்வியாக மாற்றுங்கள். எத்தனை பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள்? கழிப்பறை இருக்கிறதா? எத்தனை மணிக்கு விடுவார்கள்? ஒரு முறை நீங்களே நேரில் போய் வாருங்கள். மாலை ஆறுக்குள் முடிகிற கணக்கு வேலை, அச்சகம், ட்யூஷன், தையல் என்று வழிகள் இருக்கின்றன. திருபுவனம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுத் தறிக்கே உதவியாக இருந்து சம்பாதிக்கிறார்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சின்னக் கடை என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. இந்த எண்ணைப் பிள்ளையின் கைப்பேசியில் இப்போதே பதிந்துவிடுங்கள்.

அசல் மதிப்பெண் சான்றிதழைக் கேட்கிறார்கள். கொடுக்கவில்லை என்றால் வேலை இல்லையாம்.

அப்படியானால் வேலை வேண்டாம். நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனின் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை ஒரு நிதி நிறுவனம் வாங்கி வைத்துக்கொண்டது. வேலையை விட நினைத்தபோது மூன்று மாதம் அலைக்கழித்தார்கள். அவன் வேலையை விட முடியாததற்குக் காரணம் அந்த ஒரு தாள்.

ஒரு மாதம் வேலை பார்த்தேன், சம்பளம் தரவில்லை. எழுத்தில் எதுவும் இல்லையே?

வாட்ஸ்அப் செய்தி, கடை வாசலில் எடுத்த படம், வந்து போன நேரத்தைக் குறித்த நோட்டு, முன்பு ஜிபே வழியாக வந்த நூறு ரூபாய் எல்லாமே ஆதாரம். முதலில் முதலாளியிடம் தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள். மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் இலவசமாகவே வழி காட்டுவார்கள். பந்தி காண்டிராக்டர் விஷயத்தில் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. அடுத்த முகூர்த்தத்துக்கு அவருக்கு ஆள் வேண்டும். பன்னிரண்டு பேரும் சேர்ந்து வரமாட்டோம் என்றால் பணம் வந்துவிடும்.

சம்பளம் வாங்கினால் வரி கட்ட வேண்டுமா?

2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையின்படி ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் வரை வரியே கிடையாது. பகுதி நேர வேலையில் அந்த எல்லையைத் தொடுகிற மாணவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. சந்தித்தால் அவரிடம் நானே வேலை கேட்பேன். சில நிறுவனங்கள் சம்பளத்தில் வரி பிடித்துக்கொண்டு கொடுக்கும். பான் எண் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

சம்பாதித்ததை எல்லாம் வீட்டில் கேட்கிறார்கள். கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

இதை எல்லாரும் போன பிறகு, கடை காலியானதும் கேட்பார்கள். சரியான விடை என்னிடம் இல்லை. நான் செய்ததைச் சொல்கிறேன். கூலி வாங்கிய அன்றே அடுத்த தேர்வுக் கட்டணத்துக்கான பங்கை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, மீதியோடு வீட்டுக்குப் போவேன். அப்பாவிடம் மறைக்கவில்லை, புத்தகத்தைக் காட்டினேன். முதல் முறை கோபித்துக்கொண்டார். இரண்டாம் செமஸ்டரில் அவரிடம் கட்டணம் கேட்காமல் நான் கட்டியதும் அந்தப் பேச்சு நின்றது.

கனடா போனால் வேலை செய்தே கட்டணம் கட்டிவிடலாம் என்கிறார் ஏஜெண்ட். நிலத்தை அடகு வைக்கலாமா?

வெளிநாட்டு மாணவருக்குப் பல நாடுகள் மணி நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. படிப்பு நடக்கும் நாட்களில் கனடாவில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம், பிரிட்டனில் பட்டப்படிப்புக்கு வாரம் 20, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. அமெரிக்காவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் மட்டும். தொடக்கத்தில் சொன்ன ஒர்க் ஸ்டடி திட்டம் அங்கே போகும் நம் பிள்ளைகளுக்குக் கிடையாது, அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகக் குடியேறியவர்களைப் போன்றோருக்கும் உரியது.

இந்த மணி நேரத்தில் வருவது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உதவும். கல்லூரிக் கட்டணத்தை அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஏஜெண்டிடம் "வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நேராகப் பதில் சொல்லாதவரிடம் நிலப் பத்திரத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

முதலாளி நிரந்தரமாக வரச் சொல்கிறார், சம்பளமும் கூட்டித் தருகிறாராம். படிப்பை விட்டுவிடலாமா?

எந்த ஆண்டு படிக்கிறீர்கள், எத்தனை அரியர்? மூன்றாம் ஆண்டு என்றால் பேச்சே வேண்டாம், இன்னும் சில மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். உண்மையாகவே உங்களை வேண்டும் என்றால் அவர் பொறுப்பார். முதலாம் ஆண்டு என்றால் ஒரு தாளில் இரண்டு கணக்கு எழுதிப் பாருங்கள். அவர் கூட்டித் தரும் தொகை ஒரு பக்கம். நின்றுபோகும் மாதம் ஆயிரம், போய்விடும் பஸ் பாஸ், பட்டம் கேட்கும் தேர்வு எதையும் எழுத முடியாத நிலை மறுபக்கம். வீட்டில் வருமானமே இல்லாமல்தான் இந்த முடிவு என்றால், மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன் துறைத் தலைவரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள். சுழற்சி மாற்றிக் கேட்கலாம். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேலையோடு படிக்கலாம். அந்த விண்ணப்பத்தை என் கடையிலேயே போடலாம், நகலுக்குக் காசு வேண்டாம்.